குழாய் போகாவிட்டால் என்ன செய்வார்கள்? மயக்க மருத்துவரின் நான்கு படிகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு பேச்சு அடிபடும். ஆபரேஷனுக்குப் போனவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், "மயக்க ஊசி டோஸ் கூடிப்போச்சாம்" என்று ஒருவர் சொல்வார். அடுத்தவர் தலையாட்டுவார். அத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

மருந்தின் அளவில் தவறே நடக்காது என்று சொல்ல வரவில்லை. ஆனால் மயக்க மருத்துவர்கள் தங்களுக்குள் திரும்பத் திரும்பப் பேசுவதும் பயிற்சி எடுப்பதும் வேறொன்றைப் பற்றி. அது நோயாளியின் மூச்சுப்பாதை. மூக்கு, வாயில் தொடங்கி தொண்டை, குரல்வளை வழியாக மூச்சுக்குழல் வரைக்கும் காற்று போய்வரும் வழியைத்தான் அப்படிச் சொல்கிறோம். அந்த வழியில் காற்று அனுப்பும் குழாயைப் போடச் சிரமமாக இருந்தது என்று கேள்விப்பட்டால், "டாக்டருக்கு அனுபவம் பத்தாது" என்ற முடிவுக்கும் சிலர் வந்துவிடுகிறார்கள். இரண்டு பேச்சுமே உண்மையில் நடப்பதை மறைத்துவிடுகின்றன.

குழாய் போடச் சிரமப்படும் நேரத்தில் மருத்துவர் என்ன வரிசையில் யோசிக்க வேண்டும் என்று உலகெங்கும் எழுதப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இருக்கின்றன. இந்தியாவுக்கென்றும் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் அறிவு சாதாரண மனிதர்களுக்கும் புரியக்கூடியது. அதைப் புரிந்துகொண்டால் ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் ஏன் வாயைத் திறக்கச் சொல்கிறார், ஏன் பாக்கு போடுவீர்களா என்று துருவித் துருவிக் கேட்கிறார் என்பதும் தானாகப் புரியும்.

மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்கு என்ன ஆகிறது?

தூக்கமும் முழு மயக்கமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். தூங்குகிறவருக்கு மூச்சு தானாக ஓடும். தொண்டையில் எச்சில் இறங்கினால் இருமிக்கொள்வார். முழு மயக்கத்தில் இந்தக் காவல் எல்லாம் போய்விடும். நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்பக்கம் சரிந்து வழியை அடைக்கும். பெரிய ஆபரேஷன்களுக்குத் தசைத் தளர்த்தி என்ற மருந்தும் கொடுப்பார்கள். உடம்பின் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் மருந்து அது. அதைக் கொடுத்ததும் நெஞ்சுத் தசைகளும் உதரவிதானமும் நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து நோயாளி விழிக்கும்வரை ஒவ்வொரு மூச்சும் மயக்க மருத்துவரின் பொறுப்பு.

அதற்காகத்தான் வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்துகிறார்கள். தியேட்டரில் அதை ஈ.டி. ட்யூப் என்பார்கள். நாக்கை ஒதுக்கி, குரல்வளையைக் கண்ணால் பார்க்க உதவும் விளக்கு வைத்த கருவி லாரிங்கோஸ்கோப். குழாயைச் செலுத்தும் வேலைக்கு இன்டுபேஷன் என்று பெயர்.

மூச்சு நின்றதிலிருந்து குழாய் உள்ளே போகும்வரை உள்ள இடைவெளிதான் சிக்கலான நேரம். சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகும் ஒரு பெரியவரின் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், நுரையீரலுக்குள் இருக்கும் காற்றில் அதைவிடவும் குறைவு. அப்படியானால் கையிருப்பு அரை லிட்டர்கூட இருக்காது. உடம்போ நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. இரண்டு நிமிடம்கூட ஓட்ட முடியாத கையிருப்பு இது.

கடைமடை விவசாயிக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், வாய்க்காலில் வரத்து நிற்பதற்கு முன்பே வயலை வரப்பு தளும்ப நிரப்பிவைப்பார்கள். அப்புறம் எத்தனை நாள் பயிர் வாடாமல் நிற்கும் என்பது அந்த நிரப்பலைப் பொறுத்தது. அடுத்த முறை வரும்போது மதகு ஷட்டர் துருப்பிடித்து மேலே ஏறவில்லை என்றால் அதையே பிடித்து நாள் முழுக்க மல்லுக்கட்ட மாட்டார்கள். இன்ஜினை வைத்து இறைத்தாவது பாய்ச்சுவார்கள். பயிர் கருகும் நிலை வந்தால் கரையை வெட்டித் தண்ணீரை உள்ளே விடுவார்கள். ஷட்டரை ஜெயிப்பது நோக்கமில்லை, பயிருக்குத் தண்ணீர் போய்ச்சேர வேண்டும். மூச்சுப்பாதை நெறிமுறைகள் எல்லாமே இதே புத்தியின் மேல் கட்டப்பட்டவை.

வயலை நிரப்பிவைக்கும் வேலைதான் முன்-ஆக்சிஜனேற்றம். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் முகத்தில் மாஸ்க் வைத்து மூன்று நிமிடம்போல் நிதானமாக மூச்சு விடச் சொல்வார்கள். நுரையீரலில் இருக்கும் நைட்ரஜன் எல்லாம் வெளியேறி அந்த இடத்தை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். ஆரோக்கியமான பெரியவருக்கு இப்படிச் செய்தால் மூச்சில்லாமல் தாக்குப்பிடிக்கும் நேரம் 8 நிமிடம்வரை நீளும். உடல் பருமன் மிகுந்தவருக்கு அது 3 நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடலாம். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் கையிருப்பு குறைவு, செலவு அதிகம். சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தாய் தன் மூச்சைத் தானே விட்டுக்கொள்வாள்.

மாஸ்க்கை வைக்கும்போது பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் உண்டு. அந்த மாஸ்க்கில் வருவது வெறும் ஆக்சிஜன்தான். அந்த மூன்று நிமிடம் உங்களுக்காகச் சேமிக்கப்படும் நேரம். தயவுசெய்து ஒத்துழையுங்கள்.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவு: முழு மயக்கத்தில் மூச்சு நின்றுவிடும், கையிருப்பு ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான் வரும், அதற்குள் காற்றுக்கு ஒரு வழி கிடைத்தாக வேண்டும்.

கடினமான மூச்சுப்பாதை என்றால் என்ன?

முறையாகப் பயிற்சி பெற்ற மயக்க மருத்துவருக்கே மாஸ்க் வழியாகக் காற்றூட்டுவதிலோ, குழாய் போடுவதிலோ, பின்னால் சொல்லப்போகும் மற்ற வழிகளிலோ சிரமம் வந்தால் அதைக் கடினமான மூச்சுப்பாதை என்கிறோம். 'பயிற்சி பெற்றவருக்கே' என்பதைக் கவனியுங்கள். சிரமம் நோயாளியின் உடலமைப்பில் இருக்கிறது.

வாய் ஒரு திசையில் இருக்கிறது, மூச்சுக்குழல் வேறு திசையில் கீழே இறங்குகிறது. நடுவில் நாக்கு. தலையைச் சற்று உயர்த்தி, கழுத்தைச் சரியாகச் சாய்த்து, தாடையைத் தூக்கினால்தான் கண்ணுக்கும் குரல்வளைக்கும் ஓரளவு நேர்க்கோடு கிடைக்கும். வாய் மூன்று விரல் அகலம் திறக்க வேண்டும், கழுத்து பின்னால் சாய வேண்டும், கீழ்த்தாடை முன்னால் நகர வேண்டும். இதில் எது தடைபட்டாலும் பார்வை மறையும்.

நம் பகுதியில் இதைச் சொல்லும்போது வெற்றிலை பாக்கைத் தொடாமல் போக முடியாது. காவிரிக் கரைக் கொடிக்கால்களில் விளையும் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெருமைதான். வெற்றிலை இங்கே குற்றவாளி இல்லை. கூடச் சேரும் பாக்குதான் பிரச்சினை. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள், நாள்பட வாயின் உட்தோலுக்குக் கீழே நார்போன்ற தழும்புத் திசுவை வளர்க்கிறது. கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து, பட்டை பட்டையாக இறுகும். காரம் பட்டால் எரியும். வருடங்கள் போகப் போக வாய் இரண்டு விரல், ஒரு விரல் என்று சுருங்கும். இதற்கு ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. புகையிலை கலக்காத தாம்பூலம்தானே என்பது ஆறுதல் ஆகாது. பாக்கெட்டில் விற்கும் பாக்குத்தூள் வகைகள் இன்னும் மோசம். இருபதுகளில் இருக்கும் பையன்களுக்கே வாய் இறுகிவிடுகிறது.

மயக்க மருத்துவருக்கு இது ஏன் பெரிய விஷயம்? பல்வலியாலோ பயத்தாலோ வாய் திறக்க முடியாதவருக்கு மயக்கம் கொடுத்ததும் தாடை தளர்ந்து திறக்க வாய்ப்பு உண்டு. தழும்பால் இறுகிய வாய் எந்த மருந்துக்கும் தளராது. மயக்கம் கொடுத்த பிறகு அது தெரியவந்தால் லாரிங்கோஸ்கோப்பை உள்ளே நுழைக்கவே இடம் இருக்காது. ஆனால் நோயாளிகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. மெல்ல மெல்ல நடந்த மாற்றம் என்பதால் அவர்களுக்கே தெரிந்திருக்காது. சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துச் சாப்பிடப் பழகியிருப்பார்கள்.

சர்க்கரை நோய் இன்னொன்று. நாள்பட்ட சர்க்கரையில் சிறிய மூட்டுகள் இறுகும். கையைக் கூப்பச் சொன்னால் உள்ளங்கைகள் ஒட்டாமல் நடுவில் இடைவெளி தெரியும். அதே இறுக்கம் கழுத்திலும் இருக்கலாம். தீக்காயத் தழும்பால் கழுத்து இழுத்துக்கொண்டவர்கள், பெரிய தைராய்டுக் கழலை உள்ளவர்கள், சொத்தைப் பல்லில் சீழ் பிடித்துத் தாடைக்கு அடியில் வீங்கியவர்கள், பலத்த குறட்டை விடுபவர்கள் என்று பட்டியல் நீளும். அடர்ந்த தாடிகூட மாஸ்க் முகத்தோடு ஒட்டாமல் காற்றைக் கசிய விடும்.

இதையெல்லாம் பார்ப்பதற்குத்தான் ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டரிடம் ஃபிட்னெஸ் வாங்க அனுப்புகிறார்கள். வெறும் கையெழுத்துச் சடங்கு என்று நினைத்து அவசரப்படாதீர்கள். "வாயை நல்லா திறந்து நாக்கை நீட்டுங்க" என்று சொல்வது மல்லம்பட்டிச் சோதனை. ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-இல் வெளியிட்டது. உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து, குரல்வளை எவ்வளவு தெரியும் என்று ஊகிக்கும் முறை.

ஊகம் ஊகம்தான். டென்மார்க்கில் 1,88,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், குழாய் போடக் கடினமாக அமைந்தவர்களில் 93 சதவீதம் பேர் முன்கூட்டிக் கணிக்கப்படாதவர்கள். சோதனைகள் வீண் என்று இதற்குப் பொருள் கிடையாது. சோதனையில் எல்லாம் நன்றாக இருந்தாலும், மாற்று வழி தயாராக இல்லாமல் யாருக்கும் மயக்கம் கொடுக்கக் கூடாது என்பதே இதிலிருந்து துறை எடுத்துக்கொண்ட பாடம்.

நான்கு படிகள்

அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1993-இல் இதற்கான நெறிமுறையை வெளியிட்டது. பிரிட்டனின் கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2004-இலும், திருத்தி 2015-இலும் வெளியிட்டது. அனைத்திந்திய கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2016-இல் நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்ப எழுதியது. எதிர்பாராத சிரமம் வரும்போது பெரியவர்களுக்கு என்ன செய்வது என்று இந்திய நெறிமுறை சொல்வதை இங்கே எளிமையாக்கித் தருகிறேன்.

முதல் படி, குழாய் போடும் முயற்சி. அதிகபட்சம் மூன்று முறை. முதல் முறை போகவில்லை என்றதுமே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். அடுத்த முயற்சிக்குப் போவதற்கு ஆக்சிஜன் அளவு, அதாவது விரலில் மாட்டும் கருவி காட்டும் எண், 95 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். குறைந்திருந்தால் முயற்சியை நிறுத்தி மாஸ்க் வைத்துக் காற்றூட்ட வேண்டும். முயற்சி நடக்கும்போதும் மூக்கு வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏன் மூன்று? நான்காவது முறை போய்விடலாமே என்று தோன்றும். இந்த நெறிமுறையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். ஒவ்வொரு முறை கருவி உள்ளே போகும்போதும் தொண்டையின் மென்மையான தோல் அடிபடும். வீங்கும். லேசாக ரத்தம் கசியும். முதல் முறை பாதி தெரிந்த குரல்வளை நான்காவது முறை முற்றிலும் மறைந்துவிடும். அதைவிட ஆபத்து, இதுவரை சுலபமாக இருந்த மாஸ்க் வழிக் காற்றூட்டலும் அந்த வீக்கத்தால் கெட்டுப்போகும். முதல் கதவை உடைக்கப்போய் மற்றக் கதவுகளையும் அடைத்துவிடுகிறோம். அதனால்தான் எண்ணிக்கைக்கு வரம்பு.

இரண்டாவது முயற்சியும் முதல் முயற்சியின் நகலாக இருக்கக் கூடாது. தலையணையை மாற்றலாம், குரல்வளையை வெளியிலிருந்து லேசாக அழுத்தச் சொல்லலாம், நுனியில் கேமரா உள்ள வீடியோ லாரிங்கோஸ்கோப்புக்கு மாறலாம், பூஜி என்ற மெல்லிய நீளமான வழிகாட்டிக் கம்பியை முதலில் செலுத்தி அதன்மேல் குழாயை நழுவவிடலாம். ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்.

குழாய் போய்விட்டால்கூட வேலை முடியவில்லை. மூச்சுக்குழலுக்குப் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. குழாய் அதற்குள் போயிருந்தால் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல் தெரியலாம், ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்கலாம். நம்பக்கூடிய சாட்சி கேப்னோகிராப். வெளிவரும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அலைகோடாகக் காட்டும் கருவி அது. கோடு தொடர்ந்து வரவில்லை என்றால் குழாய் தவறான இடத்தில் இருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது படி, குரல்வளையின் மேல் உட்காரும் கருவி. எல்.எம்.ஏ., ஐ-ஜெல் என்று தியேட்டரில் சொல்வார்கள். மூச்சுக்குழலுக்குள் நுழையாமல் குரல்வளை வாசலைக் கவிந்துகொண்டு காற்றை உள்ளே அனுப்பும். இதன் முதல் வடிவத்தை 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி பிரைன் உருவாக்கினார். கண்ணால் குரல்வளையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாததால், முதல் படி தோற்ற இடத்தில் இது பலமுறை கைகொடுக்கும். இதற்கு இரண்டு முயற்சிகள்.

மூன்றாவது படி, மாஸ்க் வழியாகக் கடைசியாக ஒருமுறை முழு முயற்சி. தசைகள் முற்றிலும் தளர்ந்திருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொண்டு, ஒருவர் இரண்டு கைகளாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் மாஸ்க்கோடு இணைந்த காற்றுப் பையை அழுத்துவார்.

இதுவும் பலிக்கவில்லை என்றால் அந்த நிலைக்கு முழுக் காற்றோட்டத் தோல்வி என்று பெயர். நான்காவது படி கழுத்தின் முன்பக்க வழி. தொண்டைமணிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவில் ஒரு சிறு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். அங்கே தோலுக்கு மிக அருகில் ஒரு சவ்வு இருக்கிறது, அதற்குப் பின்னால் மூச்சுப்பாதை. அந்தச் சவ்வைக் கீறி உள்ளே ஒரு சிறிய குழாயைச் செலுத்துவதுதான் அவசரக் கிரிகோதைராய்டாட்டமி. பிரிட்டனின் 2015 நெறிமுறை இதற்குக் கேட்பது மூன்றே பொருட்கள்: ஒரு கத்தி, ஒரு பூஜி, 6 எண் குழாய். மயக்க மருத்துவர் ஒருவர் தன் பணிக்காலம் முழுவதிலும் இதை ஒருமுறைகூடச் செய்ய நேராமல் போகலாம். அதனால் பயிற்சி முகாம்களில் பொம்மை மாடல்களிலும், கறிக்கடையிலிருந்து வாங்கிவரும் ஆட்டு மூச்சுக்குழலிலும் கை பழக்கிக்கொள்கிறார்கள்.

சுருக்கமாக: குழாய், குரல்வளைக் கருவி, மாஸ்க், கழுத்து. முதல் மூன்றுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. வரம்பு முடிந்தால் அடுத்த படிக்குப் போயாக வேண்டும்.

எழுப்பி அனுப்பிவிடுவது தோல்வியா?

இரண்டாவது படியிலோ மூன்றாவது படியிலோ காற்று நன்றாகப் போகத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அவசரம் இல்லை. நின்று யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. ஆபரேஷன் தள்ளிப்போடக்கூடியதாக இருந்தால் தசைத் தளர்த்தியின் வேலையை முறிக்கும் மருந்து கொடுத்து நோயாளியை எழுப்பிவிடுவதுதான் பெரும்பாலும் பாதுகாப்பான வழி.

இதைத்தான் வெளியே காத்திருக்கும் குடும்பம் தவறாக எடுத்துக்கொள்கிறது. "உள்ளே கொண்டுபோய் ஒன்றும் செய்யாமல் திருப்பி அனுப்பிட்டாங்க" என்று கோபம் வருகிறது. ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருப்பார்கள், லீவு போட்டிருப்பார்கள், கடன் வாங்கியிருப்பார்கள். கோபம் புரிகிறது. ஆனாலும் அந்த மருத்துவர் அன்று எடுத்தது மிக நல்ல முடிவு. குடலிறக்கத்தையோ பித்தப்பைக் கல்லையோ அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். மூளைக்கு ஆக்சிஜன் சில நிமிடங்கள் நின்றால் போனது திரும்பாது.

தெரிந்த வரிசைக்கு ஏன் எழுத்தில் ஒரு விதி?

படித்த மருத்துவருக்கு இந்த நான்கும் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். தெரிந்தவர்களே அந்த நேரத்தில் வரிசையைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் கசப்பான அனுபவம்.

2005-இல் இங்கிலாந்தில் ஒரு பெண் மூக்கு தொடர்பான சாதாரண ஆபரேஷனுக்கு அனுமதிக்கப்பட்டார். குழாயும் போகவில்லை, வேறு வழியிலும் காற்று சரியாகப் போகவில்லை. அறையில் இருந்தவர்கள் அனுபவம் மிக்க மருத்துவர்கள். ஆக்சிஜன் அளவு மிகவும் கீழே இறங்கிக் கிடந்தபோதும் அவர்கள் குழாய் போடும் முயற்சியிலேயே மூழ்கியிருந்தார்கள். நர்ஸ் ஒருவர் கழுத்து வழித் துளைக்கான கருவிகளைக் கொண்டுவந்து தயாராக இருக்கிறது என்று சொன்னார். அது அவர்கள் கவனத்தில் ஏறவில்லை. அந்தப் பெண் பின்னர் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி விமான ஓட்டி. விமான விபத்தில் யார் குற்றவாளி என்பதோடு நிறுத்தாமல் ஏன் நடந்தது என்று ஆராய்வதுபோல் இதையும் ஆராயச் சொன்னார். 2007-இல் மருத்துவத்தில் மனித இயல்பால் வரும் தவறுகளை ஆராயும் அமைப்பு ஒன்றையும் தொடங்கினார். உலகெங்கும் மயக்கவியல் பயிற்சியை மாற்றிய நிகழ்வுகளில் இது முக்கியமானது.

பதற்றத்தில் மனது ஒரே வேலையில் சிக்கிக்கொள்ளும். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று தோன்றிக்கொண்டே இருக்கும். நேரம் ஓடுவதே தெரியாது. அது திறமைக் குறைவால் வருவது கிடையாது, மனித மூளை வேலை செய்யும் விதம் அப்படி. விதி எழுத்தில் இருந்தால், அதை அறையில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருந்தால், "சார், மூணு முறை ஆயிடுச்சு" என்று பக்கத்தில் நிற்கும் நர்ஸ் சொல்ல முடியும். நம் ஊரில் இது சுலபம் இல்லை. மூத்த டாக்டரிடம் ஒரு நர்ஸோ தியேட்டர் டெக்னீஷியனோ பயிற்சி மாணவரோ குரல் உயர்த்துவது மரியாதைக் குறைவு என்றே வளர்ந்திருக்கிறோம். என்னைக் கேட்டால் எந்தப் புதிய கருவியை விடவும் இந்தத் தயக்கத்தை உடைப்பதுதான் முதலில் தேவை. மயக்கம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவர் சத்தமாக, "முதல்ல குழாய். போகலைன்னா ஐ-ஜெல். அதுவும் உட்காரலைன்னா மாஸ்க். கடைசியா கழுத்து. ஆக்சிஜன் 95-க்குக் கீழே போனா எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்க அனுமதி கிடைத்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியலிலும் மயக்கத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, மூச்சுப்பாதை கடினமாக இருக்குமா என்பது.

நம் ஊர்ச் சூழலில்

நெறிமுறை 'உதவிக்குக் கூப்பிடு' என்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலோ திருச்சியிலோ பக்கத்துத் தியேட்டரிலிருந்து இன்னொரு மயக்க மருத்துவர் வந்துவிடலாம். ஒரே ஒரு மயக்க டாக்டரை வைத்து ஓடும் சிறிய மருத்துவமனையில், ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? அங்கே உதவி என்பது அறுவை மருத்துவரும் நர்ஸும்தான். அவர்களுக்கு மாஸ்க் பிடிக்கவும் பை அழுத்தவும் கருவிகள் இருக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். இதற்காகவே எல்லாக் கருவிகளையும் படிவரிசைப்படி அடுக்கிவைத்த கடின மூச்சுப்பாதை டிராலி ஒன்று தியேட்டரில் இருக்க வேண்டும் என்று இந்தியச் சங்கம் பரிந்துரைக்கிறது. பெரிய செலவு இல்லாத ஏற்பாடு. அலமாரியில் பூட்டி, சாவி வேறொருவரிடம் இருந்தால் எவ்வளவு நல்ல கருவியும் பயன்படாது.

சிரமம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வழி வேறு. முடிந்தால் முழு மயக்கத்தையே தவிர்ப்பார்கள். முதுகு ஊசியோ, கையையோ காலையோ மட்டும் மரக்க வைக்கும் நரம்பு ஊசியோ போதும் என்றால் அதுவே நல்லது. இல்லை என்றால் நோயாளி விழித்திருக்கும்போதே தொண்டையை மரக்க வைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, அதன்மேல் ஈ.டி. ட்யூபைச் செலுத்துவார்கள். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் மரக்கும் மருந்து நன்றாக வேலை செய்தால் பெரும்பாலும் வலி இருக்காது, மூச்சும் ஒரு நொடிகூட நிற்காது. வாய் இறுகியவர்களுக்கு இது மிகப் பாதுகாப்பான வழி. இந்த வசதி இல்லாத இடத்தில் மருத்துவர், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று எழுதிக் கொடுத்தால் அதைத் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம். நெறிமுறையைப் பின்பற்றுவதில் அதுவும் சேர்த்தி.

நீங்கள் செய்யக்கூடியவை

வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். பிரிட்டனில் ஓராண்டு முழுக்க மூச்சுப்பாதைச் சிக்கல்களைத் தொகுத்து 2011-இல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பில், மயக்கம் தொடர்பான மூச்சுப்பாதை மரணங்களுக்கு அதிகம் காரணமானது வயிற்றில் இருந்தது மேலே வந்து நுரையீரலுக்குள் போனதுதான். குழாய் போடத் தாமதமானால் இந்த ஆபத்து கூடும். தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பது பொது விதி. லேசான உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், எண்ணெயும் கறியும் சேர்ந்த சாப்பாட்டுக்கு எட்டு. "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்று சொல்பவர்கள் நம் பக்கம் அதிகம். டிகிரி காபி பாலில் போடுவது. அது தண்ணீர்க் கணக்கில் வராது. குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பாக்கு, பாக்குத்தூள், புகையிலை பழக்கத்தைப் பக்கத்தில் மாமியாரோ மகனோ நின்றாலும் சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஆடுகிற பல், கட்டுப்பல், குறட்டை, கழுத்துத் திருப்பினால் வலி, முன்பு நடந்த ஆபரேஷன் எல்லாமே சொல்ல வேண்டியவை. தாடியை எடுக்கச் சொன்னால் காரணம் இருக்கிறது. வேண்டுதலுக்கு வளர்க்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. முன்பு எப்போதாவது உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ குழாய் போடச் சிரமமாக இருந்தது என்று மருத்துவர் சொன்னால் பதறிச் சண்டைக்குப் போகாமல், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். கடின மூச்சுப்பாதை எச்சரிக்கைப் படிவம் என்று ஒன்றை நோயாளியிடம் விளக்கிக் கொடுக்க வேண்டும் என்று இந்திய நெறிமுறையே சொல்கிறது. என்ன சிரமம் வந்தது, எத்தனை முயற்சி ஆனது, கடைசியில் எந்த வழி பலித்தது என்பது அதில் இருக்கும். தனியாகப் படிவம் கிடைக்காத இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வரி எழுதி வாங்கினாலும் போதும். இன்று மன்னார்குடியில் ஆபரேஷன் செய்துகொள்பவர் நாளை பிள்ளை வீட்டில் சென்னையில் இருக்கும்போது அவசரமாக இன்னொரு ஆபரேஷனுக்குப் போக நேரலாம். அங்கே இருக்கும் மருத்துவருக்கு உங்களைத் தெரியாது. அந்தத் தாளை ஸ்கேன், எக்ஸ்ரே கவர்களுக்கு நடுவில் புதைத்துவிடாமல் ஆதார் அட்டையோடு வையுங்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள், ஏனென்றால் அதைக் காட்ட வேண்டிய நேரத்தில் உங்களால் பேச முடியாமல் போகலாம்.